போனில் சண்டை கிடையாது

அக்காவுக்கு எதையும் மடிக்காமல் இருக்க முடியாது. இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பதினான்கு வருடமாக மடிப்பு மேசையில் நிற்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? வேலை நேரத்தில் மடித்தால் யாருக்கும் புகார் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் படித்துவிட்டு வைத்த செய்தித்தாளை எடுத்து, நான்காக மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். துணிக்கடைக்குப் போனால் நாங்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வெளியே வருவாள். ஒரு தடவை ஒரு அம்மாள் அவளைக் கடைக்காரி என்று நினைத்து, இதே நிறத்தில் பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்டாள். அக்காவும் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் அறையில் மூன்று பேர். அக்கா, நான், தையல்காரி. தையல்காரி சட்டை தைக்கிறவள் இல்லை. கிழிந்து வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கி எல்லாவற்றுக்கும் ஒட்டுப் போடுகிறவள். ராத்திரி முழுக்கக் குறட்டை விடுவாள், காலையில் எழுந்து கண்ணையே மூடவில்லை என்று சத்தியம் பண்ணுவாள். எனக்கு விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற உருளை இயந்திரத்தில் வேலை. பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தையல்காரி சொல்வாள்.

அக்கா ஒரேயடியாக ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொன்னதும் அறையில் முதலில் வந்தது அழுகை இல்லை. ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்கிற தகராறு. நான்தான் சீனியர், அதனால் எனக்கு என்றேன். குறட்டைக்குக் காற்று வேண்டும், அதனால் தனக்கு என்றாள் தையல்காரி. குறட்டை விடுவதை அவள் தன் வாயால் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"ஆளு இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள பாகப்பிரிவினையா?" என்று அக்கா சிரித்தாள். "கட்டில் அவளுக்கு. மின்விசிறி உனக்கு. ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

மின்விசிறி எனக்குப் பிடித்ததுதான். இருந்தாலும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போவதற்கு நியாயமான காரணம் இருந்தது. வீடு கட்டியாயிற்று. அக்கா விட்டுவிட்டு வந்தபோது இரண்டு சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன மகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வீடுகளுக்கு ஒயரிங் பண்ணுகிறவர். சமையல், துவையல், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இத்தனை வருடமும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவரை நாங்கள் நேரில் பார்த்தது இல்லை. வீடியோவில் அவருடைய நெற்றியையும் மேலே ஓடுகிற மின்விசிறியையும்தான் பார்த்திருக்கிறோம். ஒயரிங்காரர்தான், ஆனால் போனை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

செய்தி பரவியதும் சலவைக் கூடமே அக்காவைச் சுற்றிக்கொண்டது. ஊருக்குப் போகிறவள் என்று தெரிந்தால் போதும், முன்பின் பேசாதவர்கள்கூட வந்து நலம் விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டு, "ஒரு சின்னப் பார்சல்தான்கா, கைக்குள்ள அடங்கும்" என்பார்கள். கைக்குள் அடங்குகிற பார்சல்கள் கட்டிலுக்கு அடியில் சேர்ந்து, அக்காவின் பெட்டியை வெளியே தள்ளிவிட்டன. அதில் ஒன்று இஸ்திரிப் பெட்டி. சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் எதற்காக இன்னொரு சலவைக் கூடத்துக்காரி தலையில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டி அனுப்ப வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை. வாங்கி, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து, சரியாக மடித்துத் திரும்பச் சுற்றி வைத்தாள்.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் முகம் மாறியது. அதைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும். இஸ்திரி உருளையிலிருந்து விரிப்பு சூடாக வெளியே வரும். நான் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்வேன், அக்கா எதிர்ப்பக்கம் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்வாள். உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்தில் அவள் முனைகளை என் கையில் கொடுப்பாள். பிறகு பிரிந்து போவோம். இயந்திரச் சத்தத்தில் தூரத்திலிருந்து பேசினால் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் வரும்போது ஒரு வாக்கியம்தான் பேச முடியும். பதில் அடுத்த விரிப்பில் வரும். எங்களுக்குள் எந்த ரகசியமும் இப்படித்தான் தவணை முறையில் இடம் மாறியிருக்கிறது.

"நான் வரேன்னு சொன்னேன்," என்றாள் அக்கா ஒரு விரிப்பில்.

"மாமா என்ன சொன்னார்?" என்று அடுத்த விரிப்பில் கேட்டேன்.

"எத்தனை நாள் லீவுன்னு கேட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த விரிப்பைக் கொஞ்சம் வேகமாக உதறினாள்.

"லீவு இல்ல, ஒரேயடியா வரேன்னு சொன்னேன். 'சரி, வா'ன்னார். அவ்வளவுதான்."

"பொண்ணு?"

"'வாம்மா, வந்து ரெஸ்ட் எடு'ன்னுச்சு." முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். "ரெஸ்ட் எடுக்கவா நான் போறேன்? நான் என்ன நோயாளியா?"

பின்னால் உருளையிலிருந்து விரிப்புகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எங்கள் சூப்பர்வைசர் மேடம் கண்ணாடி அறையிலிருந்து விரலால் தட்டினாள். அன்றைக்கு அதோடு பேச்சு நின்றது.

மாமாவும் மகளும் இப்படிப் பதில் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று வெளியாள் நினைக்கலாம். அக்காவின் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு: போனில் சண்டை கிடையாது. அக்கா இங்கே வந்த புதிதில், கார்டு போட்டுப் பேசுகிற போன் இருந்த காலத்தில், மகளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். மாமா சத்தமாக, "உனக்கு அங்க உக்காந்துக்கிட்டு என்ன தெரியும்" என்று ஆரம்பித்தார். கார்டு தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பேச வழி இல்லை. அந்த வாரம் முழுக்க அக்கா அழுதுகொண்டே மடித்திருக்கிறாள். அங்கே அவரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். கடைசியில் கேட்டால், அவர் சொல்லவந்தது இவ்வளவுதான்: அந்தப் பள்ளிக்கூடத்து வேன் அவர்கள் தெருவுக்கே வருகிறது.

அன்றைக்கு இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோபம் எதுவாக இருந்தாலும் போனில் வேண்டாம், லீவில் நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் லீவு என்பது இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம். வந்தவுடனே உறவுக்காரர்கள் வருவார்கள், பிறகு உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். அந்த நாட்களில் யார் சண்டை போடுவார்கள்? சேர்த்து வைத்த கோபம் எல்லாம் சேர்த்து வைத்தபடியே பழசாகிப் போய்விட்டது. ஆக, அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டைகூட நடக்கவில்லை.

அக்காவை மட்டும் சொல்வானேன். போன் வழியாகக் குடும்பம் நடத்துகிற எங்கள் எல்லோரிடமும் இந்த வழக்கம் ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. "நல்லா இருக்கோம்", "நல்லா இருக்கேன்" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்தது. என் மணிக்கட்டு பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தபோது நான் வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அம்மாவோடு வீடியோவில் பேசினேன்.

அந்த வாரத்திலேயே மேடம் அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். மேடமும் நம் பாஷை பேசுகிறவள்தான். அக்கா போனால் மடிப்பு மேசை என்ன கதி ஆகும் என்று அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அக்கா போடுகிற அடுக்கைப் பார்த்தாலே இது குழந்தைகள் வார்டு, இது பிரசவ வார்டு என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் போடுகிற அடுக்கு வார்டுக்குப் போகும் முன்பே சாய்ந்துவிடும். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு. தனி அறை தரச் சொல்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு," என்றாள் மேடம்.

தனி அறை. மூன்று பேருக்கு ஒரு அலமாரி, ஒரு கண்ணாடி, ஒரு குளியலறை என்று இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அக்கா தடுமாறியது அதனால் இல்லை. இரண்டு விரிப்பு மடித்த பிறகு சொன்னாள்.

"நான் இல்லாம அங்க எல்லாம் சரியா ஓடுது. என்னை என்ன பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியல. அதான் மரியாதையாப் பேசறாங்க."

"மரியாதையாப் பேசினா நல்லதுதானேக்கா?"

அடுத்த விரிப்பு வரும் வரை காத்திருந்து, என் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள்: "சொந்தப் பொண்டாட்டிகிட்ட யாருடி இவ்வளவு மரியாதையாப் பேசுவாங்க?"

அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. விருந்தாளியாக ஒரு மாதம் இருக்கலாம், மீதி ஆயுள் முழுக்க இருக்க முடியுமா?

அன்று சாயங்காலம் தையல்காரி ஒரு வழி சொன்னாள். "ஒரு சண்டையைக் கிளப்பிப் பாருக்கா. கோவப்பட்டார்னா உன் ஆளு. கோவப்படலேன்னா கையெழுத்துப் போட்டுடு." பழைய துணிக்கு ஒட்டுப் போடுகிறவள் இப்படிக் கிழித்துப் பார்க்கிற யோசனை சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சட்டத்தை மீறுவதா என்று அக்கா முதலில் தயங்கினாள். பிறகு, "சண்டை போடல, சும்மா சொல்லித்தானே பார்க்கப்போறேன்," என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முதல் நாள் சின்னதாக ஆரம்பித்தாள். "நான் வந்தா காலையில எட்டு மணி வரைக்கும் தூங்குவேன். டீ நீங்கதான் போட்டுத் தரணும்."

"சரி," என்றார் மாமா.

"தினமும்."

"போட்டா போச்சு."

இரண்டாம் நாள் கொஞ்சம் பெரிதாக. ஹாலில் மாமா உட்காருகிற பழைய சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால்தான் அவருக்கு டீவியே தெரியும் என்று மகள் கிண்டல் பண்ணுவாள். "அந்த நாற்காலி ஹாலையே அடைச்சுக்கிட்டு இருக்கு. தூக்கிப் போட்டுடணும்," என்றாள் அக்கா.

"சரி, போட்டுடலாம்."

நானும் தையல்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் அக்கா கையில் இருந்த பெரிய குண்டையே எடுத்தாள். அதைச் சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்தாள்.

"உங்க தங்கச்சி வாரா வாரம் வந்து உக்காந்துக்கறாங்களே, அதெல்லாம் இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க."

தங்கச்சியைச் சொன்னால் கோபம் வராத அண்ணன் உலகத்தில் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் சாமியாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது கேட்காதவராக இருக்க வேண்டும்.

"சரி, சொல்லிடறேன்," என்றார் மாமா. அதோடு, "நீ சாப்பிட்டியா?" என்றும் கேட்டார்.

அக்கா போனை வைத்தாள். நாத்தனார் உண்மையில் நல்ல மாதிரி. வந்தால் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அவளை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதை நினைத்து அக்காவுக்கு அழுகை வேறு வந்தது. உடனே திரும்பப் போன் பண்ணி, "சொல்லிடாதீங்க, சும்மா சொன்னேன்," என்றாள். அதற்கும் மாமா, "சரி," என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். அந்த நெற்றிக்கும் மின்விசிறிக்கும் நடுவில் ஒரு வாய் இருக்கிறதா இல்லையா? நானே போனை வாங்கி நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். தையல்காரி என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்," என்றாள் அக்கா மறுநாள் வேலையில். ஒரு விரிப்பு முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா இங்கேயே இருந்துவிட்டால் எனக்கு லாபம். சாப்பாட்டுக்குத் துணை, மடிக்கத் துணை, தையல்காரியைத் திட்டத் துணை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தனி அறையில் அக்கா தனியாக உட்கார்ந்து வீடியோவில் நல்லா இருக்கேன் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மனத்தை மாற்றுவதற்காக அவளைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். போனாலும் போகாவிட்டாலும் வீட்டுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றாள். பாத்திரக் கடையில் ஒட்டாத சட்டி செட் ஒன்று அவள் கண்ணில் பட்டது. மூன்று சட்டி, மூன்று கண்ணாடி மூடி, மரக் கரண்டி. விற்கிற பெண் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. அக்காவுக்குப் பல நாளுக்குப் பிறகு முகம் மலர்ந்தது. "பாவம், அவர் எத்தனை வருஷமா சட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையெல்லாம் தேஞ்சிருக்கும்," என்று சொல்லி வாங்கிவிட்டாள். பெட்டியை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்துகொண்டு வந்தோம்.

அறைக்கு வந்ததும் அக்கா போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து வீட்டைக் கூப்பிட்டாள். தையல்காரி தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சட்டியை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். சோதிக்கிற எண்ணமெல்லாம் அப்போது அவளுக்கு இல்லை. ஆசையாகத்தான் காட்டினாள்.

"ஒட்டவே ஒட்டாதுங்க. எண்ணெய்கூட வேணாம்."

"நல்லா இருக்கு," என்றார் மாமா வழக்கம்போல.

"அந்தக் கறுப்பு இரும்புச் சட்டியை இனிமே பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுங்க. பார்க்கவே சகிக்கல."

மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று அக்கா போனைத் தட்டினாள்.

"எந்தச் சட்டி?" என்றது குரல்.

"அதாங்க, அடுப்புக்குப் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கே."

"அதைத் தொடக் கூடாது."

"என்னது?"

"அதை யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேன்!"

தையல்காரியின் கத்தி நின்றது. மாமாவிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டது கிடைத்தது, பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பழக்க தோஷம், சட்டென்று பின்வாங்கினாள்.

"சரி, விடுங்க. போன்ல எதுக்கு."

நான் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, விடாதே விடாதே என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"என்ன விடறது? பதினாலு வருஷமா விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மாமா. முதல் தடவையாகப் போன் கீழே இறங்கி அவர் முழு முகமும் தெரிந்தது. மீசை துடித்தது. "நீ போனப்ப எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. பொண்ணு பசிக்குதுப்பான்னு வந்து நிக்கும். அந்தச் சட்டியிலதான் முட்டை பொரிக்கக் கத்துக்கிட்டேன். கருகும், தேய்ப்பேன். மறுபடி கருகும், மறுபடி தேய்ப்பேன். இன்னிக்கு அது எப்படி இருக்கு தெரியுமா? நீ வாங்கின மூணும் அது பக்கத்துல நிக்க முடியாது. நீ பாட்டுக்கு வந்து இரும்புக்காரனுக்குப் போடுன்னு சொல்லுவியா?"

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? உங்க கை தேயுமேன்னுதான் வாங்கினேன்!"

"வாங்கு. வேண்டாம்னு சொல்லல. என்னைக் கேளு!"

"கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? 'சரி'ம்பீங்க!" அக்காவின் குரலும் ஏறிவிட்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நாங்கள் பார்த்தே இராத அக்காவாக நின்றாள். "நாற்காலியைத் தூக்கிப் போடறேன்னு சொன்னேன், 'சரி'. தங்கச்சியை வர வேண்டாம்னு சொல்லச் சொன்னேன், அதுக்கும் 'சரி'. நான் என்னன்னு நினைக்கறது? வேண்டாத விருந்தாளிகிட்டதான் எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லுவாங்க!"

"வேற என்ன சொல்லச் சொல்றே? இதுக்கு முன்னாடியும் வரேன் வரேன்னு சொன்னே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம்னு தள்ளிப் போச்சு. இந்தத் தடவை நான் எதையாவது வேண்டாம்னு சொல்லி, அதுக்காக நீ வராம இருந்துட்டா? அதான் வாயைத் திறக்கல. நாற்காலி போனா போகட்டும்னு விட்டேன்."

மாமா நிறுத்துகிறவராக இல்லை. பதினான்கு வருடச் சரக்கு.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. லீவுல வர்றப்பல்லாம் அடுக்களையில எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுட்டுப் போயிடறே. உப்பு ஒரு மூலை, மிளகாய்த்தூள் ஒரு மூலை. நீ விமானத்துல ஏறியிருக்கக்கூட மாட்டே, நான் இங்க அடுப்பைப் பத்த வெச்சுட்டு உப்பைத் தேடிக்கிட்டு நிப்பேன்."

"அப்ப பழையபடி எடுத்து வெச்சுக்க வேண்டியதுதானே?"

"எப்படி எடுத்து வைக்கறது?" என்று கத்தினார் மாமா. "நீ உன் கையால வெச்சிட்டுப் போனதாச்சே!"

கண்ணீர் வந்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தையல்காரிக்கும் வந்தது. வெங்காயத்தை அவள் எப்போதோ ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தாள்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இனி சமாதானம்தான் என்று நான் நினைத்தேன். அவள் போனைக் கையில் எடுத்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், இன்னும் சத்தமாக ஆரம்பித்தாள்.

"அப்படி என் கையால வெச்சதுன்னா உப்பு டப்பாவுக்கு மூடி எங்கே? போன லீவுல மூடியோட வாங்கி வெச்சேனே! அன்னிக்குப் பொண்ணு வீடியோவுல அடுக்களையைக் காட்டினப்ப பார்த்தேன், தட்டைப் போட்டு மூடியிருக்கு. நானும் பேசாமத்தான் இருந்தேன்!"

"மூடி உடைஞ்சு போச்சு."

"உடைச்சது யாரு?"

"உடைச்சா சொல்லணுமா? அதுக்கும் உனக்குப் போன் போடணுமா?"

"போடணும்!"

சத்தம் கேட்டு மகள் உள்ளே ஓடி வந்தாள். திரையில் அவள் பாதி முகம் தெரிந்தது. பாவம், விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு அவள் பார்த்ததே இல்லை.

"என்னப்பா ஆச்சு? அம்மா, ஏன்மா கத்தறீங்க?"

"நீ சும்மா இரு!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அம்மா நிஜமாவே வரப்போறாங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அக்காவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. திரை கறுத்துப்போனது. அந்தக் காலத்துக் கார்டு மாதிரி ஒரு வாரம் அழப்போகிறாளோ என்று பயந்துபோனேன். சார்ஜரைத் தேடி எடுத்து நீட்டினேன்.

"அப்புறம் போட்டுக்கலாம். பசிக்குது," என்றாள் அக்கா. சட்டிப் பெட்டியின் அட்டையை மடித்து மூலையில் செருகினாள். எங்கள் இரண்டு பேரையும் விட அதிகமாகச் சாப்பிட்டாள். நடு நடுவே, "மூடியை உடைச்சுட்டு என்ன பேச்சு பேசறார் பாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை தொடங்குவதற்கு முன் அக்கா கண்ணாடி அறைக்குப் போனாள். நானும் ஒரு கட்டுத் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு, அங்கே வைப்பதுபோல வாசலில் நின்றேன்.

"இல்ல மேடம். நான் கிளம்பறேன்," என்றாள் அக்கா.

"தனி அறை தரேன்னு சொன்னேனே. அப்புறம் என்ன?"

"வீட்டுல சண்டை மேடம். பெரிய சண்டை."

மேடம் பதறிப்போய்விட்டாள். நல்லவள்தான், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவை உட்காரச் சொன்னாள். "சண்டைன்னா ஏன் அங்க போறே? இங்கேயே இரு, நிம்மதியா."

"பாதியில நிக்குது மேடம். நேர்ல போய்த்தான் போட்டு முடிக்கணும்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மடிப்பு மேசையைக் காப்பாற்ற இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தாள்.

"சரி, அப்படின்னா லீவு தரேன். போய்ப் பேசித் தீர்த்துட்டு வந்துடு. எத்தனை நாள்ல முடியும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"முடியற மாதிரி தெரியல மேடம். அதான் மொத்தமாப் போறேன்."